மலை எரிந்தால் மரம் என்ன செய்யும்?

(திருவொற்றியூரில் நடைபெற்ற தொழிலாளர் படிப்பு வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

சென்ற வாரக் கூட்டம் முடிந்தபோது இரண்டு கேள்விகள் எழுந்தன. துறைமுகத் தோழர் ஒருவர் கேட்டார்: "கோடை வந்தால் மலையில் காடு எரிகிறது என்று பத்திரிகையில் படிக்கிறோம். மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தவர்களோ எல்லாம் பச்சையாக இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் எரிந்ததால் நஷ்டம் என்ன?" பொன்னேரிப் பக்கத்து விவசாயத் தொழிலாளி ஒருவர் அதற்கு மேல் ஒரு கேள்வி போட்டார்: "வரப்பில் காய்ந்த புல்லை நாங்களே கொளுத்துகிறோம். அடுத்த மழைக்கு அது செழிப்பாக முளைக்கிறது. மலைக்கு மட்டும் வேறு நியாயமா?"

இரண்டும் நல்ல கேள்விகள். நெருப்பு நல்லதா, கெட்டதா என்று மொட்டையாகக் கேட்டால் இவற்றுக்குப் பதில் கிடைக்காது. எந்த மாதத்தில் எரிந்தது? எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை எரிகிறது? எதன் மேல் எரிந்தது? இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். இன்று நான் சொல்லப் போவதெல்லாம் இந்த மூன்று கேள்விகளைப் பற்றித்தான்.

நமக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்?

ஆலையிலும் துறைமுகத்திலும் வேலை செய்கிற நமக்கு மலையைப் பற்றி என்ன கவலை என்று சிலர் நினைக்கலாம். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலோடு கலப்பதை நாம் பார்க்கிறோம். அதில் வந்து சேரும் நகரி ஆறு ஆந்திரப் பகுதியிலுள்ள மலைகளில் பிறக்கிறது. மலைச் சரிவில் புல்லும் புதரும் இருந்தால் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மெதுவாகக் கசியும். சரிவு மொட்டையானால் அதே மழை மேல் மண்ணை வாரிக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். ஏரியில் வண்டல் சேரும். கிணற்றில் ஊற்று குறையும். மலையில் பற்றுகிற தீக்கு நாமும் ஒரு பங்கு விலை கொடுக்கிறோம்.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. நமது ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து 1856 ஜூலை 1ஆம் தேதி வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் ஓடிற்று. அதே 1856இல்தான் சென்னை மாகாணத்தில் காட்டு இலாகாவும் ஏற்பட்டது. கிளெகார்ன் என்ற வெள்ளைக்கார டாக்டர் அதற்கு முதல் தலைவர். இரண்டும் ஒரே வருஷத்தில் வந்ததில் ஒரு பொருள் இருக்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் போட மைலுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டைகள் வேண்டும். அவை சில வருஷங்களில் மக்கிப்போகும், மறுபடி வேண்டும். இஞ்சினுக்கு விறகும் வேண்டும். காட்டை மரக் கிடங்காகப் பார்த்த சர்க்கார், அங்கே நெருப்பு என்றாலே கிடங்குக்கு வந்த ஆபத்து என்று கணக்கிட்டது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக மலைவாழ் மக்கள் மூட்டி வந்த நெருப்பு குற்றமாயிற்று. இதை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

மலையில் நெருப்பு எப்படி நடக்கிறது?

பாய்லர் அறையில் வேலை செய்தவர்களுக்கு நெருப்பின் இலக்கணத்தை நான் சொல்லித் தரவேண்டியதில்லை. எரிபொருள், காற்று, பொறி ஆகிய மூன்றும் வேண்டும். மலையில் எரிபொருள் என்பது காய்ந்த புல், சருகு, உலர்ந்த புதர். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் புல் காயத் தொடங்கும். பிப்ரவரி, மார்ச்சில் சருகு கொட்டிக் கிடக்கும். நமது மலைகளில் அந்தக் காலத்தில் இடி மின்னலால் தீப்பிடிப்பது அபூர்வம். பொறி பெரும்பாலும் மனிதன் கையிலிருந்துதான் வருகிறது.

ஒரு விஷயத்தில் மலை சமவெளியிலிருந்து வேறுபடுகிறது. நெருப்பு சரிவில் மேல்நோக்கி ஏறும்போது, அதன் ஜுவாலை மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே வாட்டிக் காயவைத்துவிடுகிறது. அதனால் அதன் வேகம் பெருகுகிறது. சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் வைத்திருக்கும் கணக்கு.

2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்தும் மலையேறப் போன இளைஞர்களும் பெண்களும் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வரும்போது, காய்ந்து நின்ற புல் சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. 23 பேர் மாண்டார்கள். அங்கே ஆள் உயரம் வளரும் புல்லுக்குப் போதைப்புல் என்று பெயர். எலுமிச்சை வாடை வீசும். இலையில் எண்ணெய் உண்டு. மார்ச் மாதம், செங்குத்தான சரிவு, எண்ணெய் நிறைந்த காய்ந்த புல், மலைக்காற்று எல்லாம் ஒன்றுசேர்ந்தால் மனிதன் காலால் ஓடி நெருப்பை ஜெயிக்க முடியாது. நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது மலைக்குப் போகிறார்கள். அவர்களுக்குச் சொல்லுங்கள்: கோடையில் அனுமதி இல்லாத பாதையில் ஏறக்கூடாது. தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடக்கூடாது. பாறைத் தளமோ ஏற்கெனவே எரிந்து கருகிய தரையோ கிடைத்தால் அதுவே பாதுகாப்பான இடம்.

மனிதன் ஓடலாம், மரம் ஓட முடியாது. அது நின்ற இடத்திலேயே நெருப்பைச் சமாளித்தாக வேண்டும். எப்படிச் சமாளிக்கிறது?

புல்லின் உயிர் கீழே இருக்கிறது

பொன்னேரித் தோழரின் கேள்விக்கு இங்கேதான் பதில். பெரும்பாலான செடிகளுக்கு வளரும் குருத்து உச்சியில் இருக்கிறது. புல்லுக்கோ குருத்து தரையை ஒட்டி, தூருக்குள்ளே இருக்கிறது. புல்தீ சடசடவென்று ஓடிப் போய்விடும். ஓர் இடத்தில் நெடுநேரம் நிற்காது. மேலே தாள் சாம்பலானாலும், இரண்டு விரற்கடை ஆழத்தில் மண் அதிகம் சூடேறுவதில்லை. முதல் மழை விழுந்ததும் தூரிலிருந்து புதுத் தளிர் வருகிறது. பழைய தாள் போனதால் வெயில் அடிவரை படுகிறது. சாம்பலில் இருக்கும் உப்புகள் கொஞ்சம் உரமாகின்றன. ஆகவே வரப்பில் நீங்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் வரப்பு சமதரை. சாம்பல் அங்கேயே கிடக்கும். மலைச் சரிவில் பெருமழை முதலில் வந்தால் சாம்பலும் போகும், அதனோடு மண்ணும் போகும். இதுதான் வேறு நியாயம்.

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் உயரமான இடங்களில் புல்வெளியும் சோலைக்காடும் மாறி மாறி இருக்கின்றன. மேட்டில் புல்வெளி, பள்ளத்திலும் ஓடைக்கரையிலும் சோலை. புல்வெளியின் நடுவே தன்னந்தனியாக நின்று, சிவப்பாகப் பூக்கும் ஒரு மரம் உண்டு. காட்டுப் பூவரசு என்பார்கள். அதன் பட்டை தடித்துக் கரடுமுரடாக இருக்கும். பனியையும் தாங்கும், புல்தீயையும் தாங்கும். அந்தச் சரிவுகளில் துடைப்பத்துக்கு ஓலை எடுக்கிற குட்டை ஈச்சை ஒன்றும் வளர்கிறது. அதன் ஓலை எரிந்து போகும். நடுக்குருத்து அடிமட்டைகளின் காவலில் பிழைத்து மறுபடி விரியும்.

பட்டை, வேர், விதை

கீழே இறங்கி முதுமலைப் பக்கம் வந்தால் இலையுதிர் காடு. தேக்கு, வெண்தேக்கு, கருமருது, நெல்லி எல்லாம் அங்கே இருக்கின்றன. இந்த மரங்களுக்கு மூன்று தற்காப்புகள் உண்டு.

முதலாவது பட்டை. சூடு வெளியே போகாதிருக்க நீராவிக் குழாயின் மேல் உறை சுற்றுகிறோம் அல்லவா? மரம் சூடு உள்ளே வராதிருக்க உறை போட்டுக்கொள்கிறது. கருமருதின் பட்டை முதலைத் தோல் போலப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். மரத்தின் உயிரோட்டம் பட்டைக்கு அடியில் மெல்லிய ஓர் அடுக்கில்தான் நடக்கிறது. அந்த அடுக்கு வெந்தால் மரம் சாகும். பட்டை தடிமனாக இருந்தால் தீ கடந்து போகும்வரை அது வேகாமல் தப்பும்.

இரண்டாவது வேர். இளங்கன்றுக்குத் தடித்த பட்டை இல்லை, தண்டு கருகிவிடும். ஆனால் வேர் சாவதில்லை. தேக்கங்கன்றைப் பாருங்கள். மேலே கருகும், கீழே வேர் பருக்கும். அடுத்த மழையில் மறுபடி தளிர்க்கும். மறுபடி கருகும், வேர் இன்னும் பருக்கும். இப்படிப் பல வருஷம் சேமித்த பலத்தோடு, ஒரு நல்ல வருஷத்தில் ஒரே மூச்சில் தீயின் உயரத்தைத் தாண்டி எழுந்துவிடும். வேலைநிறுத்த நிதி போலத்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வேளை வந்தபோது செலவிடுகிறது.

மூன்றாவது விதை. சில செடிகளின் விதை ஓடு மிகக் கெட்டி. தண்ணீர் உள்ளே புகாது. பல வருஷம் மண்ணில் தூங்கும். நெருப்பின் சூட்டில் ஓடு வெடித்தால்தான் முளைக்கும்.

இதெல்லாம் வெறும் ஊகமல்ல. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் விஞ்ஞானிகள் 1988இல் முதுமலையில் 50 ஹெக்டேர், அதாவது சுமார் 125 ஏக்கர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பருமனுள்ள ஒவ்வொரு தண்டுக்கும் எண் போட்டுப் பதிவு செய்தார்கள். யானை ஆராய்ச்சிக்குப் பெயர்போன ராமன் சுகுமார் இந்த வேலைக்கு முன்னின்றவர். ஆலையில் ஆள் கணக்கு எடுப்பதுபோல் எந்த மரம் செத்தது, எது புதிதாய் வந்தது என்று வருஷாவருஷம் எண்ணுகிறார்கள். அந்தக் காட்டில் பலமுறை தீ நடந்திருக்கிறது. அவர்கள் கண்டது இதுதான்: பெரிய மரங்களில் பெரும்பாலானவை பிழைக்கின்றன, மெல்லிய தண்டுகள் கருகுகின்றன, கருகியவற்றில் பல அடியிலிருந்து மறுபடி தளிர்க்கின்றன.

ஆகவே துறைமுகத் தோழர் கேட்டதும் பாதி உண்மை. காடு திரும்ப வருகிறது. ஆனால் எத்தனை முறை வரும்?

எல்லை உண்டு

80 ஆண்டு இடைவெளியில் முதுமலைப் பகுதியின் தீப் பதிவுகளை ஒப்பிட்டு 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இடம் சராசரியாக 10 வருஷத்துக்கு ஒரு முறை எரிந்தது. நூற்றாண்டின் இறுதியில் அது ஏறக்குறைய 3 வருஷத்துக்கு ஒரு முறை ஆகிவிட்டது. கன்று தீயின் உயரத்தைத் தாண்ட அவகாசம் வேண்டும். அது தாண்டுமுன்பே மறுபடி கருகினால் வேரிலுள்ள சேமிப்பு கரைந்துகொண்டே போகும். பெரிய மரங்கள் நிற்பதால் பார்வைக்குக் காடு இருக்கும். ஆனால் பெரியவர் விழுந்தால் அந்த இடத்துக்கு வர வாரிசு இராது. பத்து வருஷம் புது ஆள் எடுக்காத ஆலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெறுகிறவர் போய்க்கொண்டேயிருப்பார். மெஷின் ஒன்றொன்றாக நிற்கும்.

சோலையின் கதி இன்னும் மோசம். சோலை மரங்களுக்கு மெல்லிய பட்டை. அவை ஈரத்தில், நிழலில், பாசி படர்ந்து வாழ்கிறவை. சாதாரண வருஷத்தில் புல்தீ சோலையின் ஓரம் வரை வந்து அந்த ஈரத்திலேயே அணைந்துவிடும். கடும் வறட்சியில், அல்லது ஓரத்து மரங்களை வெட்டிக் காற்றும் வெயிலும் உள்ளே போகும்படி செய்த இடத்தில், தீ உள்ளே நுழையும். அப்படி எரிந்த சோலை புல்லைப்போல் அடுத்த மழையில் திரும்பாது. ஒரு மனிதன் ஆயுளில் திரும்பினால் அதிர்ஷ்டம். எதன் மேல் எரிந்தது என்ற கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது இங்கே விளங்கும்.

வந்தேறிய மரமும் புதரும்

வெள்ளைக்காரன் விறகுக்கென்று 1840களிலேயே ஆஸ்திரேலியாவின் தைல மரத்தை நீலகிரியில் நட்டான். கற்பூர மரம் என்று அங்கே பெயர். தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் ரேயான் ஆலைக் கூழுக்கென்று புல்வெளிகளை உழுது இவற்றை நட்டார்கள். "புல்வெளி தரிசு, மரம்தான் காடு" என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

இந்த மரங்களின் குணம் என்ன? தைல மரத்தின் இலையில் எண்ணெய். பட்டை நார் நாராக உரிந்து தொங்கும். இரண்டும் நெருப்புக்குத் தீனி. எரிந்த பிறகு அடிக்கட்டையிலிருந்து அது விரைவாகத் தழைக்கும். சீகையோ நான் சொன்ன கெட்டி ஓட்டு விதைக்காரன். தீ பட்டால் மண்ணில் பல வருஷம் தூங்கிய விதையெல்லாம் ஒன்றாக முளைத்து அடர்ந்துவிடும். புல்லுக்குச் சாதகமாக இருந்த நெருப்பு, இப்போது வந்தேறிக்குச் சாதகமாகிறது.

கீழ்க்காடுகளில் உண்ணிச்செடி இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பூந்தோட்ட அழகுக்காக வந்த செடி. இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் ஆள் உயரத்துக்குப் புதராய் மண்டிக்கிடக்கிறது. முன்பு சருகுத் தீ முழங்கால் உயரத்தில் ஊர்ந்து போகும். உண்ணிப் புதர் காய்ந்தால் அதுவே ஏணியாகி நெருப்பை மரத்தின் கிளைக்கு ஏற்றிவிடும். எரிந்த உண்ணியோ வேரிலிருந்து மறுபடி தழைக்கும். 2019 பிப்ரவரியில் முதுமலைக்கு அடுத்த பந்திப்பூரில் 10,000 ஏக்கருக்கு மேல் எரிந்தபோது இந்தப் புதரைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பற்றிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டி வந்தது.

"நெருப்பே கூடாது" என்ற உத்தரவு

அப்படியானால் ஒரு பொறிகூட இல்லாமல் காத்துவிட்டால் சரியாகிவிடுமா? இதையும் செய்து பார்த்தார்கள்.

வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. பர்மாத் தேக்கு என்றால் அவர்களுக்குத் தெரியும். அந்தத் தேக்கைப் பாதுகாக்க வெள்ளைக்கார சர்க்கார் 19ஆம் நூற்றாண்டில் காட்டில் தீயே புகாமல் கட்டுக்காவல் போட்டது. சில வருஷங்களில் என்ன ஆயிற்று? மூங்கிலும் நிழல் மரங்களும் மண்டி, வெயில் இல்லாமல் தேக்கங்கன்று எழும்பவில்லை. பர்மாவில் தீக்காவல் அளவுமீறிப் போய்விட்டது என்று 1896இல் ஸ்லேட் என்ற காட்டதிகாரியே எழுதினார். பிறகு ஈரமான தேக்கங்காடுகளில் அந்தக் காவலைக் கைவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதை. 1935இல் அங்கே காட்டு இலாகா ஓர் உத்தரவு போட்டது: எந்தத் தீயைக் கண்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும். பல வருஷம் அடக்கினார்கள். அடக்க அடக்கக் காட்டில் சருகும் புதரும் குவிந்தன. பிறகு பற்றியபோது அடக்க முடியாத பெருந்தீயாயிற்று. 1978இல் அந்த உத்தரவைக் கைவிட்டார்கள்.

நமது பக்கத்திலும் இது தெரிந்தவர்கள் இருந்தார்கள். சத்தியமங்கலத்திலும் அதையடுத்த கர்நாடகத்துப் பிளிகிரிரங்கன் மலையிலும் வாழும் சோளகர்கள், கோடை முற்றுமுன்பே சருகுக்குச் சிறு நெருப்பு வைப்பார்கள். அதற்குத் தரகு பெங்கி என்று பெயர். தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. இரவுப் பனியின் ஈரம் மண்ணில் இருக்கும்போதே அது தாழ்ந்து எரிந்து அணைந்துவிடும். அந்த வழக்கம் நின்ற பிறகுதான் உண்ணிச்செடி தலையெடுத்தது, நெல்லி மரத்தில் புல்லுருவி பெருகிற்று என்று சோளகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். விஞ்ஞானிகள் இதைப் பதிவு செய்து பரிசீலித்திருக்கிறார்கள். உண்ணி பரவியதற்கு வேறு காரணங்களும் உண்டு. எல்லாக் காட்டுக்கும் இது பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. இன்று புதர் மண்டிய காட்டில் திடீரென்று நெருப்பு வைத்தால் அது பழைய சிறுநெருப்பாக இராது. முதலில் புதரைக் களைய வேண்டும். ஆனால் ஒன்று நிச்சயம். எந்த மாதம், எத்தனை முறை, எதன் மேல் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்து நடந்தவர்கள் அவர்கள். அவர்களைத்தான் 1882ஆம் வருஷத்துச் சட்டம் குற்றவாளி ஆக்கிற்று. இன்றும் தீப்பிடித்தால் முதல் சந்தேகம் ஆடு மாடு மேய்க்கிறவன் மேலும், தேன் எடுக்கிறவன் மேலும்தான் விழுகிறது.

தீயின் முன்னால் நிற்பவர் யார்?

மலையில் தீ எழுந்தால் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு அதன் முன்னால் ஓடுகிறவர் யார்? கோடைக்கு மட்டும் தினக்கூலிக்கு எடுக்கப்படும் தீக்காவலர். பல இடங்களில் அவரும் ஆதிவாசிதான். 2020 பிப்ரவரியில் கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் தோட்டக் காட்டில் பற்றிய தீயை அணைக்கப் போன காவலர்கள் மூன்று பேர் மாண்டார்கள். அவர்களும் தொழிலாளிகள்தான். பாய்லர் வெடித்துச் சாகிறவனுக்கு என்ன நியாயம் கேட்கிறோமோ, அதே நியாயத்தை இவர்களுக்கும் கேட்க வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்? தீக்காவலருக்கு வருஷம் முழுவதும் வேலை; ஜனவரிக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டவும், உண்ணியும் சீகையும் களையவும் போதுமான ஆட்கள்; காலுக்குப் பூட்ஸ், குடிக்கத் தண்ணீர், பேச வயர்லெஸ், உயிருக்கு இன்ஷூரன்ஸ். 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டைக் காத்துப் பராமரிக்கும் உரிமையைக் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. அது காகிதத்தில் நிற்காமல் மலைக்கு ஏற வேண்டும். எங்கே நெருப்பு வைக்கலாம், எங்கே கூடாது, சோலை ஓரத்தை எப்படிக் காப்பது என்பதை விஞ்ஞானியும் இலாகாவும் மலைவாழ் மக்களும் ஒன்றாக உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும்.

தோழர்களே, புல்லும் மரமும் நெருப்போடு வாழக் கற்றுக்கொள்ள எண்ணற்ற தலைமுறைகள் ஆயின. அவை கற்றது ஒருவிதமான நெருப்பை: சிறியது, காலமறிந்து வருவது, அவகாசம் கொடுப்பது. நாம் இன்று அவற்றின் மேல் ஏவுவது வேறு நெருப்பு. கோடையும் வரவரக் கடுமையாகிறது. மரத்தால் இனி வேகமாகக் கற்க முடியாது. நாம்தான் கற்றாக வேண்டும்.

அடுத்த வாரம் கொசஸ்தலை ஆற்றைப் பற்றிப் பேசுவோம். பொன்னேரித் தோழர்கள் கிணற்று நீர்மட்டத்தை அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள்.